புதிய குருவானவர் வரும்வரை: இங்கிலாந்துப் புறநகர்ப் பங்குகளில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குருவானவர் ஓய்வு பெறுகிறார், அல்லது வேறு பங்குக்குப் போகிறார் என்று ஞாயிறு ஆராதனையின் முடிவில் அறிவித்தவுடன் தேநீர் மேசையருகே கேள்விகள் தொடங்கிவிடும். தென்னிந்தியத் திருச்சபையிலோ இலங்கைத் திருச்சபையிலோ வளர்ந்தவர்களுக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் முறை புதிது. இங்கே இந்த இடைக்காலம் சும்மா காத்திருக்கும் காலம் அல்ல. பங்கு மக்களின் சொல்லுக்கு வேறு எப்போதும் இல்லாத மதிப்பு இருக்கும் காலம் இது. அதைத் தமிழ்க் குடும்பங்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கம்.

பேராயரே ஒருவரை அனுப்பிவிட மாட்டாரா?

மாட்டார். ஊரில் மாற்றல் உத்தரவு வந்ததும் புதியவர் பெட்டியோடு வந்து இறங்குவதுபோல் இங்கே நடப்பதில்லை. 1986-ஆம் ஆண்டின் பேட்ரனேஜ் (பெனிஃபிசஸ்) மெஷர் என்ற சட்டப்படி மூன்று தரப்பும் ஒத்துப்போக வேண்டும்: பெயரை முன்மொழியும் பேட்ரன், பேராயர், பங்கின் இரண்டு பிரதிநிதிகள்.

பேட்ரன் என்பவர் குருவானவரை முன்மொழியும் உரிமை பெற்றவர். சில பங்குகளில் பேராயரே பேட்ரன். சிலவற்றில் அரசர், சிலவற்றில் ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் கல்லூரி, சிலவற்றில் சிமியன் டிரஸ்டிகள் போன்ற அறக்கட்டளை, இன்னும் சிலவற்றில் தனிமனிதர். உங்கள் பங்கின் பேட்ரன் யார் என்பதை சர்ச் வார்டனிடம் (சபையார் தேர்ந்தெடுக்கும் ஆலயப் பொறுப்பாளர்) கேட்டால் தெரிந்துவிடும். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்ரன் எந்த மரபைச் சேர்ந்தவர் என்பது எப்படிப்பட்டவர்கள் விண்ணப்பிப்பார்கள் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று எதிர்பாருங்கள். ப்ரொஃபைல், அதாவது விண்ணப்பிப்பவர்களுக்குப் பங்கைப் பற்றிச் சொல்லும் அறிக்கை, எழுத இரண்டு மாதம் போய்விடும். விளம்பரம் மூன்று, நான்கு வாரம் இருக்கும். தேர்வானவர் தன் பழைய பங்குக்குப் பொதுவாக மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். அவருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கல்வியாண்டு முடியும்வரை காத்திருக்கக் கேட்பார். இடையில் குருமனையில் பழுதுபார்ப்பு நடக்கும். இதில் பங்கு மக்கள் கையில் இருப்பது முதல் கட்டம் மட்டுமே. தாமதமும் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

“பிரசன்டேஷன் சஸ்பெண்ட்” ஆகிவிட்டது என்கிறார்கள். ஆலயத்தை மூடப் போகிறார்களா?

அப்படிப் பொருள் அல்ல. பக்கத்துப் பங்கோடு இணைப்பது, குருமனையை மாற்றுவது போன்ற யோசனைகள் இருக்கும்போது, பேட்ரனின் முன்மொழியும் உரிமையைப் பேராயர் ஐந்து ஆண்டுவரை நிறுத்திவைக்கலாம். 2011-ஆம் ஆண்டின் மிஷன் அண்ட் பாஸ்டரல் மெஷர் இதற்கு இடம் தருகிறது. அப்போது வருபவர் “பிரீஸ்ட்-இன்-சார்ஜ்” என்ற பெயரில் லைசன்ஸ் பெறுவார். ஞாயிறு ஆராதனையில் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் நிறுத்திவைக்கும் முன் பி.சி.சி.யின் (பரோக்கியல் சர்ச் கவுன்சில், பங்கின் நிர்வாகக் குழு) கருத்தைக் கேட்டாக வேண்டும். கடிதம் வந்தால் வெறுமனே “சரி” என்று பதில் போடாமல், என்ன திட்டம், எத்தனை நாளைக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

குருவானவர் இல்லாமல் ஞாயிறு ஆராதனை எப்படி நடக்கும்?

ஏற்பாடு சர்ச் வார்டன்கள் பொறுப்பு. ஏரியா டீன் (சுற்றுவட்டாரப் பங்குகளை ஒருங்கிணைக்கும் குருவானவர்) துணை நிற்பார். பி.சி.சி.க்கு விசுவாசிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட துணைத் தலைவர் தலைமை தாங்குவார்.

நற்கருணையைப் பிரதிஷ்டை செய்யக் குரு அபிஷேகம் பெற்றவர்தான் வேண்டும். அதில் விலக்கு இல்லை. காலை ஜெபம், மாலை ஜெபம், வசன ஆராதனை ஆகியவற்றை லைசன்ஸ் பெற்ற லே ரீடர் (பயிற்சி பெற்ற, குருவல்லாத ஊழியர்) நடத்தலாம். வேறிடத்தில் பிரதிஷ்டை செய்த அப்பத்தையும் ரசத்தையும் கொண்டுவந்து பகிரும் முறையும் உண்டு, ஆனால் அதற்குப் பேராயரின் அனுமதி முன்கூட்டியே தேவை.

பெரும்பாலான பங்குகள் நம்பியிருப்பது ஓய்வுபெற்ற குருமாரை. அவர்களிடம் “பர்மிஷன் டு ஒஃபிஷியேட்” என்ற அனுமதி நடப்பில் இருக்க வேண்டும். காலாவதி ஆனதைக் கவனிக்காமல் அழைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தேசியக் குருமார் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. அழைக்கும் முன் பெயரை அதில் பாருங்கள். மூன்று மாதத்துக்கான அட்டவணையை ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ், உயிர்த்த ஞாயிறு ஆகியவற்றுக்கு ஆள் பிடிக்க அதற்கும் முன்பே இறங்க வேண்டும்.

ஒவ்வொரு ஆராதனை முடிந்ததும் சர்வீஸ் ரெஜிஸ்டரில் தேதி, நடத்தியவர், பிரசங்கித்தவர், வந்தவர்கள், நற்கருணை பெற்றவர்கள், காணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். தமிழ் ஆராதனைக்கும் இது பொருந்தும். மாதம் ஒருமுறை சர்ச்சில் தமிழ் ஆராதனை நடந்தும் ரெஜிஸ்டரில் ஒரு வரியும் இல்லாத பங்குகள் உண்டு. பிறகு ப்ரொஃபைலில் “எத்தனை பேர் வருகிறார்கள்” என்ற இடத்தில் எழுத ஆதாரம் இருக்காது.

ஊரிலிருந்து வந்திருக்கும் நம் குருவானவர் ஒரு ஞாயிறு நற்கருணை நடத்தலாமா?

தென்னிந்தியத் திருச்சபையும் இலங்கைத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உள்ளவை. அதனால் அவர் குருத்துவத்தில் எந்தக் கேள்வியும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் அபிஷேகம் பெற்றவர் இங்கே ஊழியம் செய்ய, 1967-ஆம் ஆண்டின் வெளிநாட்டுக் குருமார் சட்டப்படி கேன்டர்பரி அல்லது யார்க் ஆர்ச்பிஷப்பின் எழுத்துமூல அனுமதி வேண்டும். உள்ளூர்ப் பேராயரின் இசைவும் வேண்டும். இதற்கு அவருடைய சொந்தப் பேராயரிடமிருந்து நன்னிலைக் கடிதம் கேட்பார்கள். பல வாரம் ஆகும். பயணச்சீட்டு எடுக்கும்போதே தொடங்குங்கள். சனிக்கிழமை இரவு வார்டனுக்குப் போன் போட்டு, “ஐயா வந்திருக்கிறார், நாளைக்கு நடத்தட்டுமே” என்றால் அவர் மறுத்தே ஆக வேண்டும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருமணம் நிச்சயித்துவிட்டோம். தள்ளிப்போட வேண்டுமா?

வேண்டாம். முதலில் வார்டனிடம் தேதியைச் சொல்லி, நடத்திவைக்கக் குருவானவர் ஒருவரை உறுதி செய்யுங்கள்.

மணமகன், மணமகள் இருவரும் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமை உடையவர்கள் என்றால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தால் போதும். வாசித்து முடித்த மூன்று மாதத்துக்குள் திருமணம் நடந்துவிட வேண்டும். ஒருவர் மட்டும் இந்திய அல்லது இலங்கைக் குடியுரிமையோடு இருந்தாலும் ஓலை செல்லாது. இருவரும் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்து, சூப்பரின்டென்டன்ட் ரெஜிஸ்ட்ராரின் சான்றிதழ் பெற வேண்டும். காத்திருப்பு குறைந்தது 28 நாள். உள்துறை விசாரணைக்கு எடுத்துக்கொண்டால் 70 நாள்வரை நீளும். குருவானவர் இருக்கும்போது இதையெல்லாம் அவர் முதல் சந்திப்பிலேயே விசாரித்துவிடுவார். இடைக்காலத்தில் கேட்க ஆள் இல்லாமல், மண்டபமும் பிரியாணியும் ஏற்பாடான பிறகு சிக்கல் வெளிவருகிறது.

திருமணம் முடிந்து கையெழுத்தான ஆவணம் 21 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். யார் கொண்டுபோவது என்பதை முன்பே எழுதிவையுங்கள். வருகைக் குருவானவர் தன் வேலை முடிந்தது என்று போய்விடுவார்.

ஞானஸ்நானத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் இவ்வளவு சிக்கல் இல்லை. வார்டனுக்கோ பங்கு அலுவலகத்துக்கோ சொன்னால் ஏற்பாடு செய்வார்கள்.

சர்ச் ஸ்கூல் விண்ணப்பப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவார்?

பெற்றோர் அதிகம் பதறும் கேள்வி இது. நியாயமான பதற்றம்தான். ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கைக் கொள்கையிலும், குடும்பம் ஆராதனைக்கு வருவதை குருவானவர் இல்லாதபோது யார் உறுதிப்படுத்தலாம் என்று இருக்கும். பெரும்பாலும் சர்ச் வார்டன் அல்லது ஏரியா டீன். அந்த வரியைப் படித்துவிட்டுப் போங்கள்.

கையெழுத்தைவிட முக்கியம் வருகைப் பதிவு. பழைய குருவானவருக்கு உங்கள் முகம் தெரியும். வார்டனுக்குத் தெரியாமல் போகலாம், தெரிந்தாலும் பதிவு இல்லாமல் அவர் கையெழுத்துப் போட முடியாது. வருகைப் புத்தகம் இருந்தால் வாராவாரம் எழுதுங்கள். தமிழ் ஆராதனைக்கு வருவதும் கணக்கில் சேருமா என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இடைநிலைப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15.

“செக்ஷன் 11 கூட்டம்” என்றால் என்ன?

பி.சி.சி.யின் வாழ்நாளில் இதைவிட முக்கியமான கூட்டம் அரிது. 1986 சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி நடப்பது. போகும் குருவானவரும் அவர் வாழ்க்கைத் துணையும் பேட்ரனும் இதில் இருக்கக் கூடாது. அங்கே முடிவாக வேண்டியவை: பங்கின் நிலை, தேவை, மரபு பற்றிய அறிக்கை, அதாவது பேரிஷ் ப்ரொஃபைல், இரண்டு பிரதிநிதிகள், விளம்பரம் செய்யும்படி பேட்ரனைக் கேட்பதா, பேராயரிடம் எழுத்துமூல அறிக்கை கேட்பதா, பேராயரையும் பேட்ரனையும் சேர்த்துவைத்துப் பேசும் 12-ஆம் பிரிவுக் கூட்டம் வேண்டுமா.

பேட்ரனுக்கும் பங்குக்கும் கருத்து வேறுபாடு வரும் என்று தோன்றினால் 12-ஆம் பிரிவுக் கூட்டத்தைக் கட்டாயம் கேளுங்கள். எல்லாரும் ஒரே மனதாக இருந்தால் அது தேவையில்லை, ஒரு மாதம் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு. அது அறிவிப்புக் கடிதத்திலேயே இருக்கும். பி.சி.சி. செயலாளர் ஊருக்குப் போயிருந்ததால் கடிதம் பிரிக்கப்படாமல் கிடந்தது என்ற நிலை வரக் கூடாது.

இதில் எங்களுக்கு ஓட்டு உண்டா?

குருவானவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு யாருக்கும் இல்லை. ஆனால் பிரதிநிதிகளை பி.சி.சி. தேர்ந்தெடுக்கிறது, பி.சி.சி.யை ஆண்டுக் கூட்டம் தேர்ந்தெடுக்கிறது, ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுப் போட எலெக்டோரல் ரோலில் (பங்கின் வாக்காளர் பட்டியல்) பெயர் இருக்க வேண்டும். பல ஆண்டாகத் தவறாமல் வரும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் பெயர் அதில் இருக்காது என்பதுதான் வருத்தமான விஷயம்.

தகுதி எளிது. ஞானஸ்நானம் பெற்று 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பங்கு எல்லைக்குள் குடியிருக்க வேண்டும், அல்லது ஆறு மாதமாக வழக்கமாக ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். ஊரில் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) ஞானஸ்நானம் பெற்றவர்களும் சேரலாம். ரோல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாக எழுதப்படும். 2025-இல் அப்படி எழுதினார்கள். 2019-இல் சேர்ந்துவிட்டு மறுபடி படிவம் தராதவர்கள் பெயர் விழுந்துபோயிருக்கும். பி.சி.சி.க்கு நிற்க ரோலில் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். ஆகவே அடுத்த இடைக்காலத்துக்கான ஏற்பாட்டை இன்றைக்கே ஒரு பக்கப் படிவத்தில் தொடங்கலாம்.

பேரிஷ் ப்ரொஃபைலை எப்படி எழுதுவது?

மூன்று, நான்கு பேர் எழுதட்டும், ஒருவர் திருத்தட்டும். பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். படிப்பவர் முதலில் தேடுவது: ஞாயிறு வருகை, நிதிநிலை, கட்டடம், குருமனை, பள்ளிகள், கூட ஊழியம் செய்ய யார் இருக்கிறார்கள். கோபுரத்தின் வரலாறு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம்.

பெரும்பாலான ப்ரொஃபைல்கள் உண்மையை மூடிமறைப்பதால் கெடுகின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டட ஆய்வறிக்கையில் கூரை ஒழுகுகிறது என்று இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். விண்ணப்பிப்பவர் எப்படியும் ஆர்ச்டீக்கனிடம் (பேராயருக்கு நிர்வாகத்தில் துணைநிற்கும் மூத்த குருவானவர்) கேட்டுவிடுவார். தன்னிடம் மறைத்தார்கள் என்று தெரிந்துவிட்டால் நல்லவர் விலகிவிடுவார், விலக முடியாதவர் மட்டும் மிஞ்சுவார்.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். “நாங்கள் அன்பான, பன்முகத்தன்மை கொண்ட, வளர்ந்துவரும் சபை.” இது எந்தப் பங்குக்கும் பொருந்தும், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. “பத்து மணி ஆராதனைக்கு 85 பேர் வருகிறோம், அதில் ஏறக்குறைய 30 பேர் தமிழர், எட்டுப் பேர் பதினெட்டு வயதுக்குக் கீழ், இளையோர் ஊழியத்துக்கு ஆள் இல்லாமல் இரண்டு ஆண்டாகத் திணறுகிறோம்.” இதைப் படிப்பவருக்கு இங்கே தனக்கு வேலை இருக்கிறதா என்று உடனே தெரிகிறது.

எதிர்பார்ப்புப் பட்டியலும் அப்படியே. இளையோரைக் கவர வேண்டும், முதியோரை வாராவாரம் சந்திக்க வேண்டும், நிர்வாகத்தில் வல்லவராக இருக்க வேண்டும், ஆழ்ந்த பிரசங்கியாக இருக்க வேண்டும் என்று பதினைந்து கேட்டால் யாரும் பொருந்த மாட்டார்கள். மூன்றைத் தேர்ந்தெடுங்கள். எதை விடுவது என்ற வாக்குவாதம் பி.சி.சி.யில் நடக்கட்டும். அந்த வாக்குவாதம்தான் இந்த வேலையின் உண்மையான பலன்.

தமிழ் ஆராதனையைப் பற்றி அதில் என்ன எழுத வேண்டும்?

எழுதித் தர வேண்டியவர்கள் நீங்களே. விட்டுவிட்டால் “சில ஆசியக் குடும்பங்களும் உள்ளன” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். மாதத்தில் எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், யார் நடத்துகிறார், கீர்த்தனையும் ஞானப்பாட்டும் யார் வாசிக்கிறார், காணிக்கை எந்தக் கணக்கில் சேர்கிறது, ஹாலுக்கு வாடகை உண்டா, புதுவருட உடன்படிக்கை ஆராதனை, அறுப்பின் பண்டிகை போன்றவை எப்படி நடக்கின்றன: ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

காணிக்கை தனிக் கணக்கில், பி.சி.சி.யின் பார்வைக்கு வராமல் இருந்தால் இந்த இடைக்காலத்திலேயே சீர்செய்துவிடுங்கள். பங்கின் பெயரில் திரட்டும் பணத்துக்கு பி.சி.சி.தான் பொறுப்பு. புதியவர் வந்து முதல் மாதமே இதில் கை வைக்க நேர்ந்தால் மனக்கசப்பில்தான் உறவு தொடங்கும்.

தமிழ்க் குருவானவரையே கேட்கலாமா?

தமிழ் தெரிந்தால் பெரிதும் உதவும் என்று எழுதலாம். “தமிழர்தான் வேண்டும்” என்று எழுத முடியாது. 2010 சமத்துவச் சட்டம் இனத்தின் அடிப்படையில் தேர்வதைத் தடுக்கிறது. நேரடியாக ஊரிலிருந்து ஒருவரை வரவழைப்பதும் எளிதல்ல. ஆர்ச்பிஷப்பின் அனுமதியோடு விசா ஸ்பான்சரும் வேண்டும். “தமிழ் ஆராதனையை மதித்து, அதில் பங்கெடுக்க ஆர்வமுள்ளவர்” என்று கேட்பது நடைமுறைக்கு ஏற்றது.

பெண் குருவானவர் பற்றியும் கேட்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் 1994 முதல் பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெறுகிறார்கள். இறையியல் காரணத்துக்காக பி.சி.சி. முறைப்படி தீர்மானம் நிறைவேற்றியிருந்தால் ஒழிய, பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்க முடியாது.

நேர்காணலில் பிரதிநிதிகள் என்ன செய்ய வேண்டும்?

இருவரும் பி.சி.சி.யின் குருமார் அல்லாத உறுப்பினர்கள். தலைமைக் குணத்தைவிட காது கொடுத்துக் கேட்கும் குணமும் வாயை மூடிவைக்கும் குணமும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுங்கள். பேட்ரன் முன்மொழிபவரை ஏற்க மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை மறுபரிசீலனை செய்யும்படி பேட்ரன் ஆர்ச்பிஷப்பிடம் போகலாம். “மனசுக்குப் பிடிக்கவில்லை” என்பது நிற்காது. ப்ரொஃபைலில் கேட்ட மூன்று தகுதிகளில் எது, எந்தப் பதிலில் குறைந்தது என்று காட்ட வேண்டும். அதற்காகவே நேர்காணலின்போது குறிப்பெடுங்கள்.

எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். “எத்தனை பிள்ளைகள்?”, “உங்கள் மனைவி ஞாயிறு பள்ளி எடுப்பாரா?” என்பவை நம் வழக்கத்தில் அன்பான விசாரிப்பு. இங்கே அவை பாகுபாடு என்ற புகாருக்கு இடம் தரும். மதிய உணவின்போதும் கேட்காதீர்கள். “போன ஆண்டு உங்கள் சபையில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், ஆளைப் பற்றி நிறையத் தெரியவரும்.

விண்ணப்பித்தவர்களின் பெயர் வெளியே போகவே கூடாது. அவர்கள் பழைய சபைக்குத் தெரிந்தால் அங்கே ஊழியம் செய்வதே கடினமாகிவிடும். குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்ட ஒரு வரி ஒரு மணி நேரத்தில் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோவரை போய்விடும். தேர்வான பிறகும் டி.பி.எஸ். சரிபார்ப்பு (குற்றப் பதிவுச் சோதனை) முடிந்து, இரண்டு சபைகளிலும் ஒரே ஞாயிறு அறிவிக்கும்வரை பொறுங்கள்.

யாருமே விண்ணப்பிக்கவில்லை. என்ன தவறு?

பல நேரம் ஒரு தவறும் இல்லை. ஆகஸ்டிலோ டிசம்பரிலோ வந்த விளம்பரத்தைக் குருமார் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் அதே விளம்பரத்தை அப்படியே மறுபடி போடாதீர்கள். முழு நேரப் பணியா அரை நேரமா என்பது தெளிவாக இருக்கிறதா, குருமனையின் படம் இருக்கிறதா, பக்கத்து நகரத்துக்கு ரயில் வசதி சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். வாழ்க்கைத் துணையின் வேலையைப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். பேட்ரன் நீண்ட காலம் யாரையும் முன்மொழியாமல் இருந்தால் உரிமை ஆர்ச்பிஷப்பிடம் போய்விடும்.

குருவானவரே இல்லை. பேரிஷ் ஷேர் ஏன் கட்ட வேண்டும்?

பேரிஷ் ஷேர் என்பது பங்கு பேராயத்துக்குக் கட்டும் தொகை. அந்தப் பணம் உங்கள் குருவானவரின் சம்பளம் மட்டும் அல்ல. பேராயம் முழுவதிலும் உள்ள குருமாரின் ஊதியம், ஓய்வூதியம், வீடு, பயிற்சி எல்லாம் அதிலிருந்துதான். நிறுத்திவிட்டால் பாக்கியாகச் சேரும். பாக்கி உள்ள பங்கு என்பது ப்ரொஃபைலில் தெரியும். காணிக்கை உறைகள் இந்த மாதங்களில் குறைவது வழக்கம், ஆகவே பொருளாளர் மூன்றாம் மாதமே சபைக்குக் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது.

காலியாக இருக்கும் குருமனை?

காலியாகும் தேதியைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துத் தேதியோடு குறித்துவையுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டிங் குறைந்த அளவிலாவது ஓட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் உறைந்து வெடிக்கும். தபாலைப் பொறுக்குங்கள்: பதிவாளரின் கடிதமும் திருமண விசாரிப்பும் அங்கேதான் விழுந்துகிடக்கும். பேராயம் சில மாதத்துக்கு வாடகைக்கு விடலாம். “பாவம், நம் பையன் தங்கட்டும்” என்று வார்டனே யாரையும் குடிவைக்க முடியாது.

பழைய குருவானவரை ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடலாமா?

ஆசை புரிகிறது. திருமணம் நடத்திவைத்தவர் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் தர வேண்டும் என்று தோன்றும். ஆனாலும் கூப்பிடாதீர்கள். விலகிப்போனவர் ஒதுங்கி இருப்பதுதான் இங்குள்ள ஒழுங்கு. மறுத்துச் சொல்லும் சங்கடத்தை அவருக்குத் தராதீர்கள். விருந்துக்குக் கூப்பிடுங்கள், அது போதும்.

பதவியேற்பு ஆராதனைக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

பெரும்பாலும் வார நாள் மாலையில் நடக்கும். புதியவர் விசுவாச உறுதிமொழி சொல்லி, அரசருக்கும் பேராயருக்கும் சத்தியப்பிரமாணம் செய்வார். பேராயர் ஆவிக்குரிய பொறுப்பை ஒப்படைப்பார். ஆர்ச்டீக்கன் அவர் கையைப் பிடித்துக் கதவின் மேல் வைத்துக் கட்டடத்தை ஒப்படைப்பார். பிறகு அவரே மணியடிப்பார். பிரீஸ்ட்-இன்-சார்ஜ் என்றால் லைசன்ஸ் மட்டும் வாசிக்கப்படும். ஒரு வேதபாடத்தையோ கீர்த்தனையையோ தமிழில் வைக்கப் பேராயர் அலுவலகத்திடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள், ஆராதனைப் புத்தகம் அச்சுக்குப் போன பிறகு ஒன்றும் சேர்க்க முடியாது. விருந்துச் செலவு பி.சி.சி.யுடையது. வடையும் கட்லெட்டும் செய்வதாக இருந்தால் வார்டனிடம் எண்ணிக்கை கேளுங்கள், பக்கத்துப் பங்கினரும் குருமாரும் வருவார்கள்.

அவர் கையில் தர ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: சாவிகள், அலாரம் எண், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திருமணத் தேதிகள், வீட்டிலேயே நற்கருணை பெறும் முதியோரின் பட்டியல், அண்மையில் துக்கம் நேர்ந்த வீடுகள். தமிழ்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் எப்படி உச்சரிப்பது என்றும், யார் யாருக்கு உறவு என்றும் ஒரு வரி எழுதிவையுங்கள்.